கடல் பூதத்தின் பல்

மதுக்கரை என்றால் கோவைக்காரர்களுக்குச் சிமென்ட்தான் முதலில் நினைவுக்கு வரும். 1930-களில் இங்கே ஆலை வந்ததே மலையடிவாரத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். தர்மலிங்கேஸ்வரர் மலை, வாளையாறு வரை நீளும் காடு, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வந்து மோதும் காற்று என்று வளரும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வெள்ளையும் சாம்பலுமாக வரியோடிய அந்தக் கல் பழகிய கல்.

அந்தப் பிள்ளைகள் இப்போது ஒரு நல்ல கேள்வி கேட்கிறார்கள். கடல் உயிரினங்களின் ஓடுகள் படிந்துதான் சுண்ணாம்புக்கல் உண்டாகிறது என்று பாடப் புத்தகம் சொல்கிறது. அப்படியானால் மதுக்கரையிலும் ஒரு காலத்தில் கடல் இருந்திருக்க வேண்டும். 2018-இல் வந்த ‘தி மெக்’ படத்தில் கப்பலைப் புரட்டிய மெகலடோன் சுறா இங்கேயும் நீந்தியிருக்குமா? அந்தச் சுறாவைப் பார்த்த பயத்தில்தான் நம் முன்னோர்கள் கடல் பூதக் கதைகளைச் சொன்னார்களா?

முதல் கேள்விக்கு மதுக்கரைக் கல்லே பதில் சொல்லிவிடும். குவாரிக் கல் ஒன்றைப் புதிதாக உடைத்து வெயிலில் திருப்பினால் உடைந்த முகமெங்கும் படிகங்கள் மின்னும். ஒரு சிப்பி ஓடோ, நத்தையின் சுருளோ, பல்லோ தென்படாது. ஒரு பழங்கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புதான் இது என்றாலும், பின்னால் பூமியின் ஆழத்துக்குள் போய் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து மறுபடியும் படிகமான உருமாறிய பாறை. அந்த வேக்காட்டில் பழைய தடம் எதுவும் மிஞ்சாது. அதைவிடப் பெரிய காரணம் வயது. கொங்கு மண்ணின் பாறைகள் கடைசியாக அப்படி வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. சுறா இனத்தின் மிகப் பழைய அடையாளம் என்று சொல்லத்தக்க செதில்களுக்கே 45 கோடி ஆண்டுக்கு மேல் வயதில்லை. மதுக்கரைக் கடல் இருந்தபோது உலகத்தில் சுறா என்றொரு உயிரே பிறந்திருக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் நீளமானது. அவிநாசியில் தொடங்கி, மன்னார் வளைகுடாவுக்குப் போய், பெரம்பலூர் மாவட்டத்து ஓடைக்கரை ஒன்றில்தான் அது முடிகிறது.

அவிநாசி முதலை

கொங்கு நாட்டுக்கென்று ஒரு நீர்ப் பூதம் உண்டு. அவிநாசித் தலபுராணம் தெரிந்த யாருக்கும் அந்தக் கதை தெரியும். சுந்தரர் அவிநாசித் தெருவில் வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், மங்கல ஓசை. எதிர் வீட்டில் அழுகை. அந்த வீட்டுப் பிள்ளையும் இந்த வீட்டுப் பிள்ளையும் ஒத்த வயது. சில ஆண்டுகளுக்கு முன் இருவரும் குளத்தில் குளிக்கப் போனபோது ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். வற்றிய குளத்தில் நீர் நிறைகிறது, முதலை வருகிறது, வாயைத் திறந்து பிள்ளையைக் கரையில் விடுகிறது. பிள்ளை விழுங்கப்பட்டபோது இருந்த வயதில் வரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வருகிறான். முதலை வாயிலிருந்து பிள்ளை வெளிப்படும் சிற்பத்தை அவிநாசிக்குப் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

பக்தர்கள் இதில் காண்பது இறையருள். நான் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கிறேன். இந்தக் கதையில் வரும் விலங்கு கற்பனை விலங்கல்ல. சதுப்பு முதலைகள் அமராவதியிலும் பவானிசாகரிலும் மாயாற்றிலும் இன்றும் இருக்கின்றன. உடுமலைக்குத் தெற்கே அமராவதி நகரில் முதலைப் பண்ணையே 1976-லிருந்து நடக்கிறது. அந்தக் காலத்து ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் முதலை பிள்ளையை இழுத்துப்போவது நடக்கக்கூடிய துயரம்தான். விழுங்கியது மெய்யாக நடந்திருக்கக்கூடியது. மீண்டு வந்தது மனித மனம் வேண்டி நின்றது. கொங்கு மக்கள் தங்கள் பூதத்தைத் தங்கள் ஊர்க் குளத்திலேயே கண்டார்கள். கண்ணில் படாத ஒரு கடல் விலங்கைக் கடன் வாங்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

இதையே கரையோர ஊர்களுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மெகலடோனும் மனிதனும் சந்திக்கவில்லை

மெகலடோனைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரைச் சூட்டியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த லூயி அகாசி. 1830-களிலும் 40-களிலும் வெளிவந்த தம் மீன் புதைபடிவ நூல்களில் அதை விவரித்தார். அவர் கையில் இருந்தது பல் மட்டுமே. இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. சுறாவின் உடம்பில் இருப்பது குருத்தெலும்பு, செத்தால் மட்கிப் போகும். மிஞ்சுவது பல்லும், சுண்ணாம்பேறிய சில முதுகெலும்பு வட்டுகளும்தான். பெரிய மெகலடோன் பல் 18 சென்டிமீட்டர் வரை இருக்கும். விரித்த உள்ளங்கையை மறைத்துவிடும். இரண்டு ஓரங்களிலும் ரம்பம்போல நுண்ணிய அரிவாய் ஓடும். பெரிய வெள்ளைச் சுறாவின் பல் அதன் பக்கத்தில் வைத்தால் பாதிகூட இருக்காது.

உடல் நீளம் எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. 15 முதல் 20 மீட்டர் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். 2025-இல் வந்த ஓர் ஆய்வு 24 மீட்டர் வரை போயிருக்கலாம் என்றும், திரைப்படத்தில் காட்டுவதுபோல வெள்ளைச் சுறாவின் பருத்த உருவமாக இல்லாமல் ஒல்லியாக நீண்டிருக்கும் என்றும் சொன்னது. இந்தியாவிலும் அது நீந்தியிருக்கிறது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் பாரிபதா ஊரைச் சுற்றியுள்ள படிவுகளில் அதன் பற்கள் கிடைத்துள்ளன. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனால் கொல்லத்தருகே அஷ்டமுடிக் காயலோரம் படப்பக்கரையிலும் ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு முந்தைய சுண்ணாம்புக்கல் உண்டு. அதிலும் சுறாப் பற்கள் இருக்கின்றன, வேறு இனங்களின் பற்கள்.

காலக் கணக்குக்கு வருவோம். மெகலடோன் அழிந்தது சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. மனிதப் பேரினத்தின் மிகப் பழைய தாடையெலும்பு எத்தியோப்பியாவில் கிடைத்தது, அதற்கு 28 லட்சம் ஆண்டு. தமிழ்நாட்டு மண்ணில் மனிதக் கை பட்டதற்கு இருக்கும் மிகப் பழைய சான்று, திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டியெடுத்த கற்கருவிகள். அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் கணித்தார்கள். கடைசி மெகலடோனுக்கும் அத்திரம்பாக்கத்துக் கோடரிக்கும் நடுவே 20 லட்சம் ஆண்டு இடைவெளி. நம் போன்ற மனிதர்கள் தோன்றியதோ 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். மெகலடோனைப் பார்த்த கண் எந்த மனிதனுக்கும் இருக்கவில்லை. ‘மூதாதையரின் நினைவு’ என்று சொல்லிச் சுற்றிவரும் காணொளிகள் பிள்ளைகளை ஏமாற்றுகின்றன.

‘ஆழ்கடலில் இன்னும் உயிரோடு இருக்கிறது’ என்ற பேச்சுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. 1870-களில் உலகம் சுற்றிய ‘சேலஞ்சர்’ ஆய்வுக் கப்பல் பசிபிக் கடலடியிலிருந்து மெகலடோன் பற்களை அள்ளியெடுத்தது. அவற்றின் மேல் மாங்கனீசு படிந்திருந்தது. அந்தப் படிவின் கனத்தை அளந்து, இவற்றில் ஒன்றுக்கு 11,000 ஆண்டுதான் வயது என்று 1959-இல் ஒருவர் கணக்குப் போட்டார். மாங்கனீசு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் படிவதில்லை என்பதால் அந்தக் கணக்கு நிற்கவில்லை. கணக்கு போனாலும் வதந்தி தங்கிவிட்டது.

கரைக்காரர்கள் கண்ட சுறா

அப்படியானால் தமிழ்க் கடலோரத்துப் பூதம் எங்கிருந்து வந்தது? கடலோரக்காரர்கள் நாள்தோறும் பார்த்த சுறாவிலிருந்துதான் வந்தது. அதற்கு நம் கையில் இரண்டாயிரம் ஆண்டு ஆதாரம் இருக்கிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சேரி வருகிறது. முழுநிலா நாளில் அவர்கள் கடலுக்குப் போவதில்லை. வீட்டு முற்றத்தில் சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் குடிகொண்ட தெய்வத்தை வணங்கி, தாழம்பூச் சூடி, கள் குடித்து, ஆடிக் களிக்கிறார்கள். நட்டு வைக்கும்படியான கொம்பு எந்தச் சுறாவுக்கு உண்டு? வேளா மீனுக்குத்தான் உண்டு. முகத்துக்கு முன்னால் ஒரு பலகை நீண்டு, அதன் இரு ஓரமும் பல் பல்லாக முளைத்திருக்கும். ஆறேழு மீட்டர் வளரக்கூடிய மீன். விலங்கியலார் அதைத் திருக்கைக் கூட்டத்தில் சேர்ப்பார்கள். பரதவர் அதைச் சுறாவோடு சேர்த்தார்கள். வலைக்குள் வந்து தலையை ஒரு திருப்புத் திருப்பினால் வலை கிழியும், கட்டுமரத்தில் நிற்பவன் காலும் போகும். சங்கப் பாடல்களில் வலையைக் கிழித்துப் போகும் சுறாக்கள் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். எதற்கு அஞ்சினார்களோ அதன் கொம்பையே முற்றத்தில் நட்டுக் கும்பிட்டார்கள்.

மதுரைக்குப் போனால் அந்தச் சுறா புராணமாகிவிடுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் ‘வலை வீசிய படலம்’. வேதப் பொருளைக் கேட்கும்போது கவனம் சிதறிய உமையவள் பரதவர் குலத்தில் பிறக்கிறாள். வாயிற்காவலில் பிசகிய நந்தி சுறாவாகிறார். அந்தச் சுறா கடலைக் கலக்கி, வலைகளை அறுத்து, ஊரையே பட்டினி போடுகிறது. அதைப் பிடிப்பவனுக்கே என் மகள் என்கிறார் பரதவர் தலைவர். வலைஞர் வேடத்தில் சிவன் வருகிறார். 1965-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த ‘திருவிளையாடல்’ படத்தில் சிவாஜி கணேசன் கடலில் இறங்கிப் போராடும் காட்சியை மூன்று தலைமுறை பார்த்துவிட்டது. கதையின் உள்ளே இருப்பது ஒரு மீனவக் குடியிருப்பின் அன்றாடக் கவலை: ஒரு பெரிய சுறா வளையவந்தால் தொழில் நிற்கும். அந்தச் சுறாவைக் கடவுளின் காவலனாகவே ஆக்கியதில் பகை இல்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலே நான் வைப்பது கடல்கட்டியை.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளியாட்கள் கடலில் குதிக்கும் முன் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓத ஒருவர் வேண்டும். அவர்தான் கடல்கட்டி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இதை எழுதியிருக்கிறார். முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, பெரிய மீன்கள் குளியாட்களைத் தீண்டாதபடி மந்திரம் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு. அவர் குறிப்பிடும் இன்னொரு விவரம் வியப்பானது. பகல் முடிந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இரவில் திருட்டுத்தனமாக யாரும் முத்துக் குளிக்கக் கூடாதே. சுறா பகலில் கட்டுண்டது, இரவில் காவல் நின்றது.

பிரிட்டிஷ் ஆட்சி வந்த பின்னும் கடல்கட்டி போகவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையைப் பற்றி விரிவாக எழுதிய எமர்சன் டென்னன்ட், கடல்கட்டி இல்லாமல் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மறுத்ததைப் பதிவு செய்கிறார். சுறாவால் உயிர் போனது மிக அரிது என்றும், நூற்றுக்கணக்கான படகுகளின் இரைச்சலும் ஆட்கள் குதிக்கும் கலக்கமுமே சுறாக்களை விலக்கி வைத்திருக்கும் என்றும் சொல்கிறார். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் மூச்சை அடக்கிக் கல்லைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்குகிறவனுக்கு நெஞ்சு பதறக் கூடாது. பதறினால் மூச்சு சீக்கிரம் தீரும். அந்தப் பதற்றத்தைக் கரையிலேயே கழற்றி வைக்கக் கடல்கட்டி உதவினார். முழு வளைகுடாவும் இந்த ஏற்பாட்டை நூற்றாண்டுகளாகக் காப்பாற்றியது என்றால், மக்கள் பயந்தது ஏதோ தொலைகடல் பூதத்துக்கல்ல, தங்கள் முத்துப் பாரில் உலவிய சுறாவுக்குத்தான்.

கடலோடிகளின் கதைகளில் வரும் கப்பல் விழுங்கியையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். மத்தியப் பிரதேசத்துப் பார்குத் தூபியின் கல்வேலியில் ஒரு வட்டப் பதக்கம் இருக்கிறது. இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்பம். ஒரு மாபெரும் மீன் வாயைப் பிளந்திருக்கிறது. கூர்மையான பற்கள். சிறு மீன்களை இழுக்கும் சுழலோடு, ஆட்கள் ஏறிய படகொன்றும் அந்த வாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது. மேலே பிராமி எழுத்தில், திமிதிமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து வசுகுப்தன் மீட்கப்பட்ட செய்தி. இறைவனை நினைத்ததும் மீன் வாயை மூடிக்கொள்ள வணிகர்கள் தப்பிக்கிறார்கள். அவிநாசியின் அதே கதைதான், குளத்துக்குப் பதில் கடல். வாயைத் திறந்தபடி நீந்தி, தண்ணீரோடு சிறு மீன்களை வாரும் பெரும் விலங்குகள் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் உண்மையிலேயே உண்டு. திமிங்கிலங்கள் இருக்கின்றன. நம் மீனவர்கள் அம்மணி உழுவை என்று அழைக்கும் புள்ளி போட்ட திமிங்கிலச் சுறா இருக்கிறது. உலகின் மிகப் பெரிய மீன், படகைவிட நீளம், மனிதனைத் தொடாது. சிற்பி அதற்குப் பல்லைக் கொடுத்தார். மகரத்தை வடித்த சிற்பியும் இதையே செய்தார்: முதலையின் வாய், யானையின் துதிக்கை, மீனின் வால். நம் கோயில் தோரணங்களில் அது இன்றும் நெளிகிறது. ஒவ்வொரு உறுப்பும் பார்த்த விலங்கினுடையது, சேர்க்கை மட்டும் சிற்பியினுடையது.

செத்த சுறாவும் பூதமாகும். 1977 ஏப்ரலில் நியூசிலாந்துக் கடலில் ‘சுயியோ மாரு’ என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில் சுமார் 10 மீட்டர் நீளப் பிணம் ஒன்று சிக்கியது. நீண்ட கழுத்து, சின்னத் தலை, நான்கு துடுப்பு. அழிந்துபோன கடல் ஊர்வனம் ஒன்று பிழைத்திருக்கிறது என்று ஜப்பான் முழுக்கப் பரபரப்பு. எடுத்துவைத்த நார்களைச் சோதித்தபோது அது வெயில்காயும் சுறா என்று தெரிந்தது. அந்த இனம் அழுகும்போது தாடையும் செவுள்களும் முதலில் கழன்று விழும். மிஞ்சுவது கழுத்து நீண்ட பாம்புபோலத் தெரியும். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்சே தீவில் 1808-இல் ஒதுங்கிய ‘கடற்பாம்பு’ம் இப்படித்தான்.

கல்லைப் பார்த்துப் பிறந்த அசுரன்

பூதக் கதைகளில் இன்னொரு வகை உண்டு. அது உயிருள்ள விலங்கைப் பார்த்துப் பிறந்ததல்ல, மண்ணிலிருந்து வெளிவந்த கல்லைப் பார்த்துப் பிறந்தது. தமிழ்நாட்டில் இதற்குத் தெளிவான சான்று விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே, சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கல்லாகிப்போன மரங்கள் சிதறிக் கிடக்கின்றன. பட்டை, கணு, வளையம் எல்லாம் கல். உருண்டு நீண்ட அந்தத் துண்டுகளை, அழிக்கப்பட்ட அசுரனின் எலும்புகள் என்று ஊரில் சொல்வதுண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சு இயற்கையாளர் பியேர் சொன்னரா இங்கே வந்து பார்த்து எழுதினார்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பாது. எலும்பின் வடிவில் கனத்த கல் கிடக்கிறது. யானையைவிடப் பெரிய எலும்பு. ஊரிலே காளி இருக்கிறாள். கையில் இருந்த தடயங்களைக் கோத்து ஒரு விடை சொன்னார்கள். ஐரோப்பாவின் படித்தவர்களும் ஒரு காலத்தில் இதையே செய்துகொண்டிருந்தார்கள். மால்டாத் தீவின் பாறைகளில் கிடைத்த சுறாப் பற்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘நாக்குக் கல்’. சந்திர கிரகணத்தின்போது வானத்திலிருந்து விழுபவை என்று ரோமாபுரியின் பிளினி எழுதினார். புனித பவுல் சபித்த பாம்புகளின் நாக்கு என்று பின்னால் வந்தவர்கள் நம்பினார்கள். விஷத்தை முறிக்கும் என்று மதுக்கிண்ணத்தில் போட்டார்கள்.

1666 அக்டோபரில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தருகே பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலையை, ஆட்சியாளர் ஃபெர்டினாண்டோ புளோரன்சுக்கு அனுப்பச் சொன்னார். அங்கே இருந்த டென்மார்க்காரர் நீல்ஸ் ஸ்டென்சன் அதை அறுத்துப் பார்த்தார். வரிசை வரிசையாக இருந்த பல்லையும் நாக்குக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்று. அப்படியானால் மலைமேல் இருக்கும் பாறைக்குள் சுறாவின் பல் எப்படி வந்தது? பாறை ஒரு காலத்தில் சேறாக இருந்திருக்க வேண்டும், அந்த இடம் கடலாக இருந்திருக்க வேண்டும். படிவுகளில் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்ற புவியியலின் அடிப்படை விதி இந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தது. கடல் பூதத்தின் பல்லைச் சரியாகப் படித்ததில் ஒரு முழு அறிவியலே பிறந்தது என்பது என்னை எப்போதும் சிலிர்க்க வைக்கிறது.

நம் பக்கத்தில் அந்தப் படிப்பு 1840-களில் தொடங்கியது. மதராஸ் அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் பொறுக்கிய படிவங்கள் லண்டனுக்குப் போயின. அவற்றிலிருந்த மீன் பற்களை 1845-இல் எகர்ட்டன் விவரித்தார். பிறகு பிளான்ஃபோர்டு நிலத்தை அளந்து வரைபடம் போட்டார், ஸ்டோலிச்ஸ்கா சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் தொகுதி தொகுதியாக எழுதினார். உலகப் புவியியல் நூல்களில் உட்டத்தூர் (ஊட்டத்தூர்), அரியலூர் என்ற பெயர்கள் அன்றிலிருந்து நிற்கின்றன.

காரை ஓடைக்கரை

கோவையிலிருந்து கரூர், திருச்சி தாண்டிச் சென்னைச் சாலையில் பாடாலூர் போய், அங்கிருந்து உள்ளே திரும்பினால் ஊட்டத்தூர், காரை, குளக்காநத்தம். பயிர் நிற்கும் வயல் திடீரென்று முடிந்து நிலம் பிளந்து இறங்கும். செம்மையும் சாம்பலுமான களிமண், மழை அரித்த ஆயிரம் ஓடைகள், புல் முளைக்காத மேடுகள். களிமண்ணைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஜிப்சம் பட்டைகள் கண்ணாடித் தகடாக வெயிலில் ஒளிரும். குனிந்தால் விரல் நீளத்தில் வழவழப்பான பழுப்புக் குச்சிகள் கிடக்கும். ஒரு முனை கூர், உடைந்த முனையில் நடுப்புள்ளியிலிருந்து கதிர்கள் விரியும். கணவாய் மீனின் பழைய உறவான பெலம்னைட்டின் உடலுக்குள் இருந்த தண்டு அது. இங்கே கடல் இருந்ததற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்த இந்தியா பிரிந்து வந்தபோது கிழக்கே திறந்த கடல் இது. காரைப் படிவின் வயது சுமார் 11 முதல் 9 கோடி ஆண்டு. மெகலடோன் பிறக்கவே இன்னும் 7 கோடி ஆண்டு பாக்கி. ஆனால் அதற்கு முந்தைய பெருஞ்சுறாக்கள் இந்த நீரில் இருந்தன. சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஜான் ஃப்ளின் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் காரையின் பற்களை வரிசைப்படுத்தினார்கள். அதில் புதிதாகப் பெயர் பெற்ற ஒன்று ட்வார்டியஸ் சுதிண்டிகஸ், தென்னிந்தியாவின் பெயரைத் தாங்கிய சுறா. டைகோடஸ் பற்களும் இங்கே உண்டு. அந்தப் பல் கூராக இருக்காது. தட்டையாகப் பரந்து, மேலே வரி வரியாக மேடு ஓடும், ஓட்டை நொறுக்க அமைந்த அரைவைப் பல். அம்மோனைட்டுகள் நிறைந்த கடலில் அதற்கு வேலை குறைவில்லை. நூறாண்டுக்கு மேல் பல்லாக மட்டுமே தெரிந்திருந்த அந்தச் சுறாவின் முழு உருவம் 2024-இல் மெக்சிகோவின் வயசியோ குவாரிகளிலிருந்து வெளிவந்தது. கடலடியில் படுத்துக் கிடக்கும் மீன் என்று நினைத்திருந்தது, விரைந்து நீந்தும் சுறாவாக இருந்தது. இவற்றோடு மீன் பல்லிகளும் இக்கடலில் இருந்தன. டால்பின் உருவில் நீந்திய அந்த ஊர்வனத்துக்கு இந்தியாவின் பெயரோடு 1879-லேயே லிடெக்கர் பெயர் சூட்டிவிட்டார்.

2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துக் கடற்கரையிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே முன்பே எடுத்து வைத்திருந்த சில முதுகெலும்பு வட்டுகளை மறுபடி ஆராய்ந்தபோது, 11.5 கோடி ஆண்டுகளுக்கு முன் 6 முதல் 8 மீட்டர் நீளமும் 3 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட சுறா வாழ்ந்தது தெரிந்தது. சுறாக்கள் பேருருவம் எடுத்த காலம் நினைத்ததைவிட ஒன்றரைக் கோடி ஆண்டு முன்னால் போய்விட்டது. அந்தச் சுறா சேர்ந்த குடும்பம் கார்டபியோடான்ட். காரையின் ட்வார்டியஸும் அதே குடும்பம். பெருஞ்சுறாக்களின் தொடக்கக் கதை நியூயார்க்கிலோ லண்டனிலோ அல்ல, பெரம்பலூர் மாவட்டத்து ஓடைக்கரையில் பாதி எழுதப்பட்டிருக்கிறது.

அந்த ஓடைக்கரையை நாம் நடத்தும் விதம்தான் எனக்கு வருத்தம். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஓர் ஏரியில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஒரே நாளில் செய்தி பரவியது. கடற்சேறு இறுகிய உருண்டைகள் அவை, அம்மோனைட் படிவங்களோடு சேர்ந்தவை என்று வல்லுநர்கள் விளக்கினார்கள். விளக்கம் அவ்வளவாகப் பரவவில்லை. காரை–குளக்காநத்தம் பகுதியை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தன் புவிமரபுச் சின்னங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆனால் அரியலூர் வட்டாரமே சிமென்ட் ஆலைகளின் வட்டாரம். மதுக்கரைக் கல்லை அரைத்தபோது எந்த உயிரின் தடமும் சேர்ந்து அரைபடவில்லை. அரியலூர்க் கல்லை அரைக்கும்போது அரைபடுகிறது. குவாரியில் ஓர் அம்மோனைட்டோ பல்லோ தென்பட்டால் ஒதுக்கி வைத்து அருங்காட்சியகத்துக்குச் சொல்லும் ஒரு நடைமுறை எல்லா ஆலைகளிலும் கட்டாயமாக வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

உயிரோடிருக்கும் சுறாக்களுக்கும் இந்த அவசரம் உண்டு. உக்கடம் மீன் மார்க்கெட்டில் சுறா இன்றும் கிடைக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுறாவில் புட்டுச் செய்துகொடுக்கும் வழக்கம் கடல் பார்க்காத கொங்கு வீடுகளிலும் உண்டு. ஆனால் பட்டினப்பாலைப் பரதவர் கும்பிட்ட வேளா மீன் நம் கரையில் காண அரிதாகிவிட்டது. 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதையும் திமிங்கிலச் சுறாவையும் சேர்த்தார்கள். வலையில் உயிரோடு சிக்கினால் வலையை அறுத்தாவது விட வேண்டும். வலைக்கு ஆகும் நட்டத்தைத் தாமதமில்லாமல் ஈடுகட்டினால்தான் மீனவர் கை அதற்குத் துணியும்.

மதுக்கரைப் பிள்ளைகள் கல்விச் சுற்றுலாவுக்குக் காரை போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறந்த பின் போவது நல்லது. மழை அரித்த புதுமுகங்களில் அப்போதுதான் பற்கள் வெளியே நிற்கும். பார்த்தால் எடுத்துப் பையில் போட வேண்டாம். எந்த அடுக்கில் இருந்தது என்பது தெரியாமல் போனால் அந்தப் பல்லின் வயதைச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்து, செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரணவாசியில் சொல்லலாம். ட்வார்டியஸின் பல் கிடைத்த அதே களிமண்ணில் அதன் முதுகெலும்பு வட்டுகள் கிடைத்தால், அது எத்தனை மீட்டர் நீளம் வளர்ந்தது என்ற கணக்கைத் தொடங்கிவிடலாம்.